அனுமதி இலவசம், ரயிலுக்குக் காசு

கேள்வி: கோலாலம்பூரில் வாரம் தவறாமல் இலவச நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கண்காட்சி, நூல் வெளியீடு, பிள்ளைகளுக்கான பட்டறை என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை. தோட்டப்புறத்துப் பிள்ளைகள் என்றால் இளப்பமா?
– இரண்டு பிள்ளைகளின் தாய், தஞ்சோங் மாலிம்

பதில்: இளப்பம் என்று சொல்ல மாட்டேன், சகோதரி. உங்களை அவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை, அவ்வளவுதான். ‘அனுமதி இலவசம், அனைவரும் வருக’ என்று படம் போடுகிறவருக்கு, அந்த ‘அனைவரில்’ கொமுட்டர் ரயில் பிடித்து ஊர் திரும்ப வேண்டியவரும் உண்டு என்ற எண்ணமே வருவதில்லை. மாலை ஐந்து மணி என்று அச்சடிப்பார்கள். தலைமை தாங்கும் டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஏழு மணிக்கு வருவார். பிறகு மாலை, பொன்னாடை, வரவேற்புரை, அதற்கு மேல் இன்னொரு வரவேற்புரை. நூல் வெளியீடு என்றால் வாசலிலேயே கையில் ஓர் உறையைக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒன்றும் போடாமல் வர யாருக்கு மனம் வரும்? பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்ட நடனம் மேடையேறும்போது நீங்கள் ரயிலடியில் நிற்க வேண்டும். தஞ்சோங் மாலிம் வரை வரும் ரயிலைத் தவறவிட்டால் என்ன பாடு என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

செலவையும் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். நாலு பேருக்குப் போக வர டிக்கெட், மத்தியானச் சாப்பாடு, பேரங்காடி வழியாக நடந்தால் சின்னவன் பிடிக்கும் அடம். நுழைவுக் கட்டணம் மிச்சமானதோடு சரி. அதனால் வாட்ஸ்அப் அழைப்பைத் துரத்துவதை விட்டுவிட்டு, டத்தோ வந்தாலும் வராவிட்டாலும் திறந்திருக்கிற இடங்களுக்குப் போங்கள். நீங்கள் வரும் அதே ரயில் பேங்க் நெகாரா நிலையத்தில் நிற்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில், சசானா கிஜாங் கட்டடத்தில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அருங்காட்சியகம் இருக்கிறது. காசு வாங்குவதில்லை. பணத்தாள்களாலேயே சுவர் அமைத்த ஒரு சுரங்கப்பாதை உண்டு. பிள்ளைகள் அதைவிட்டு லேசில் வெளியே வர மாட்டார்கள். பெரியவர்களும்தான்.

தேசிய ஓவியக் காட்சிக்கூடத்துக்கும் கட்டணம் இல்லை. 1888இல் உருவான ஏரிப் பூங்கா, இன்றைக்குப் பெர்டானா தாவரவியல் பூங்கா, அதுவும் அப்படியே. கே.எல்.சி.சி. பூங்காவில் பிள்ளைகள் காலை நனைத்து விளையாட ஒரு குளம் இருக்கிறது. கால் மட்டும்தான் நனையும் என்று நம்பிப் போகாதீர்கள், மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் சுற்ற ‘கோ கே.எல்.’ பேருந்து இருக்கிறது, மலேசியர்களுக்கு இலவசம். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். எந்த நாள் மூடியிருப்பார்கள் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காசு கேட்காத இன்னொரு கட்டடமும் உண்டு. நீங்கள் கேட்ட கேள்விக்காகவே அதைச் சொல்கிறேன். தலைநகரில் விஸ்மா துன் சம்பந்தன் இருக்கிறதல்லவா, அதன் டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில்தான் உங்களுக்கு வரும் தமிழ் அழைப்பிதழ்களில் பல நடக்கின்றன. அந்தக் கட்டடம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துடையது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைக் கைமாற்றினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போய் நின்றவர்கள் பால்மரத் (ரப்பர்) தொழிலாளிகள். அப்போது, 1960இல், அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டப்புறத்துப் பிள்ளைகள் என்றால் இளப்பமா என்று கேட்கிறீர்களே, பட்டணத்தில் இருக்கும் அந்த அரங்கத்துக்கு அடித்தளமே தோட்டத்துக் காசுதான். உங்கள் மாமனாரோ பாட்டியோ பங்கு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை, வீட்டில் கேட்டுப் பாருங்கள். அங்கே நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம், பிள்ளைகளுக்கான அங்கத்தை முதலில் வையுங்கள், எட்டு மணிக்குள் முடியுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள். நானும் எழுதுகிறேன்.

அப்புறம், ‘எங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை’ என்கிறீர்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆவியில் வேகவைத்த பாவ் ரொட்டி வாங்குவதற்கென்றே பட்டணத்துக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வரும் ஊர் உங்களுடையது. 1922இல் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக அங்கேயே நிற்கிறது. அதன் பழைய கட்டடத்தில் தேசியக் கல்வி அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்களா? அதைவிட முக்கியம், அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியர் ஆவதற்காகவே படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கதை சொல்லவும் விளையாட்டு நடத்தவும் முறையாகக் கற்றுக்கொள்கிறவர்கள், வார இறுதியில் விடுதியில் மெகி கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை யாராவது கூப்பிட்டீர்களா?

தோட்டத்தில் இருந்த காலத்தில் யார் வந்து நிகழ்ச்சி நடத்தினார்கள்? 1952இல் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கியபோது, கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் தோட்டம் வரை வந்தன. நடத்தியது வேறு யாருமில்லை, கிராணி என்கிற தோட்டத்து எழுத்தர், தண்டல் என்கிற மேற்பார்வையாளர், தமிழ்ப்பள்ளி வாத்தியார், பிறகு வந்த மணிமன்றம் என்ற இளைஞர் இயக்கத்தினர். திடலில் சாக்கு ஓட்டம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நாடகம், திரை கட்டிப் படம். ஒலிபெருக்கி கரகரத்தாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. தோட்டத்தை விற்று நம்மை ஊருக்குள் அனுப்பியவர்கள் வீட்டை எடுத்துக்கொண்டார்கள், திடலை எடுத்துக்கொண்டார்கள், சரி. கூடி உட்காரும் பழக்கத்தையும் கொடுத்துவிட்டு வரச்சொல்லி யாரும் கேட்கவில்லையே.

எல்லாப் பழியும் உங்கள் மேல் இல்லை. அநேகமாக எல்லா ஊர்க் கோயில் மண்டபத்திலும் இதே கதைதான். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் திறப்பார்கள். மற்ற நாளில் நாற்காலிகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவைப்பார்கள். சாவி தலைவர் வீட்டில். மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது என்பார்கள். பகலில் ஜன்னலைத் திறந்தால் விளக்கு எதற்கு?

மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை என்று கேளுங்கள். இரண்டு மாணவர்கள் கதை சொல்லட்டும், ஒரு பாட்டி பல்லாங்குழி சொல்லித்தரட்டும். வீட்டில் கிடக்கும் பழைய கதைப் புத்தகங்களை ஒரு பாயில் பரப்பிவையுங்கள். தேத்தண்ணீரும் ரொட்டியும் தாய்மார்கள் முறைவைத்துக் கொண்டுவரலாம். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், பேனர் அடிக்கவே வேண்டாம். பேனர் வந்தால் அதில் யார் படம் பெரிது என்ற சண்டையும் கூடவே வந்துவிடும்.

தேதி முடிவானால் எழுதுங்கள், பெட்டிச் செய்தியாகப் போடுகிறோம், காசு வேண்டாம். ‘சிறப்பு வருகை’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் அதை மட்டும் வெட்டிவிடுவேன்.