சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்குக் குளிர்கால உயர்மலை நடைப்பயணத்தில் எது பெரிய சவால்?

டிசம்பர் பள்ளி விடுமுறையில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்கப் போவதாகவும், தினமும் ஓடுவதால் உடம்பு தயார், குளிர் ஒன்றுதான் பயம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே பயத்தோடுதான் டிசம்பரில் போனேன். அதற்கு முன் மூன்று மாதம், முதுகுப்பையில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு எங்கள் புளோக்கின் பதினாறு மாடிப் படிகளை ஏறி இறங்கினேன். ஞாயிறானால் புக்கிட் தீமா. நம் ஊரிலேயே உயரமான குன்று, அதன் உச்சியே 164 மீட்டர்தான். கால்களுக்கு இந்தப் பயிற்சி நன்றாக உதவியது. ஆனால் அங்கே என்னைப் படுத்தியது வியர்வை.

நாம் இங்கே நாள் முழுக்க வியர்க்கிறோம். எம்ஆர்டி நிலையத்துக்கு நடப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், ரயிலில் ஏறினால் காய்ந்துவிடும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான், முகாமுக்குப் போகும் வழியில் உள்ள நாம்சே என்ற ஊரிலிருந்து அடுத்த தங்குமிடமான தெங்போச்சேக்கு நடந்தேன். பாதை முதலில் தூத்கோசி ஆறு வரை இறங்கும். பாலம் தாண்டியதும் கிட்டத்தட்ட 600 மீட்டர் ஒரே ஏற்றம். காலைக் குளிருக்குப் போட்ட உடுப்பு எதையும் நான் கழற்றவில்லை. "ஜாக்கெட்டைக் கழற்றுங்கள், பிஸ்தாரை, பிஸ்தாரை" என்று வழிகாட்டி இரண்டு முறை சொன்னார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். குளிருக்குப் பயந்து நான் கேட்கவில்லை.

மேலே போய்ச் சேரும்போது மணி மூன்றிருக்கும். காற்று எழுந்தது, கொஞ்ச நேரத்தில் வெயிலும் மலைக்குப் பின்னால் போய்விட்டது. உள்ளே நனைந்திருந்த சட்டை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. பையின் ஜிப்பைப் பிடிக்க விரல் வரவில்லை, நுனியெல்லாம் மெழுகுபோல் வெளுத்திருந்தது. வழிகாட்டிதான் என்னை உள்ளே கூட்டிப்போய் ஈரச் சட்டையைக் கழற்றி, தன் உல்லன் சட்டையைப் போட்டுவிட்டார். அந்தத் தங்குமிடங்களில் அடுப்பு சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்தான் எரியும், அதுவும் மாலையில். படுக்கும் அறைக்கு ஒட்டுப்பலகைச் சுவர், வெப்பமூட்டி கிடையாது. அறை ஆணியில் மாட்டியிருந்த என் சட்டை மறுநாள் காலையில் அப்பளம்போல் விறைத்திருந்தது. சட்டைக் கை இரண்டும் மடங்கவே இல்லை.

அதனால், கொஞ்சம் குளிரும்போதே நடக்கத் தொடங்குங்கள், பத்து நிமிடத்தில் சூடு வந்துவிடும். வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். நின்றால் முதல் வேலை தடித்த ஜாக்கெட்டைப் போடுவது, படம் எடுப்பதும் தேநீரும் அப்புறம். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் உடம்போடு ஒட்டும் அடுக்கு மெரினோ கம்பளியாக இருக்கட்டும். ஒரு காய்ந்த சட்டை பிளாஸ்டிக் பையில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீரில் இதற்கு நேர்மாறான சிக்கல். காற்று அவ்வளவு வறட்சி, ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போகிறது. ஆனால் குளிரில் தாகம் தெரியாது. போத்தலைத் தலைகீழாக வையுங்கள், பனி மேலிருந்துதான் கட்டும், மூடி அடைக்காது. இரவில் வெந்நீர் நிரப்பித் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டால் கால் சூடாக இருக்கும், காலையில் குடிக்கவும் ஆகும். கைபேசியும் பேட்டரியும் அதே பைக்குள்தான். குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கிவிடும்.

அப்புறம் உயரம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் 21 சதவீதம்தான், அழுத்தம்தான் குறைகிறது. 5,364 மீட்டரில் இருக்கும் அடிவார முகாமில் ஒவ்வொரு மூச்சுக்கும் இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய பாதி ஆக்சிஜன்தான் கிடைக்கும். குளிர்காலத்தில் அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஓட்டப் பயிற்சி இதற்கு உதவாது, உடம்பு பழகக் கொடுக்கும் நாள்கள்தான் உதவும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வழியில் அதற்கு முந்தைய ஊரான பாக்டிங்கிலிருந்து 3,440 மீட்டரில் உள்ள நாம்சேக்கு வருவதே ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல். அங்கே இரண்டு இரவு தங்கியே ஆக வேண்டும். விடுப்பு போதாது என்று அந்த ஓய்வு நாளை நான் வெட்டினேன். அது என் தவறு.

பாதிக்கப்பட்டது என்னோடு வந்த என் மனைவியின் தம்பி. 4,410 மீட்டரில் இருக்கும் டிங்போச்சேயில் இரவு கிச்சடியைத் தொடவே இல்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல அத்தான், குளிருக்குத் தூக்கம் பத்தல" என்றான். நானும் நம்பினேன். குளிர்காலத்தில் இதுதான் ஆபத்து. உயரத்தால் வரும் தலைவலி, பசியின்மை, சோர்வு எல்லாவற்றையும் குளிரின் கணக்கில் எழுதிவிடுவோம். நடு இரவில் வாந்தி எடுத்தான். விடிந்ததும் பாங்போச்சேக்கு இறங்கினோம், 4,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே. மதியத்துக்குள் தலைவலி விட்டது. அடிவார முகாமைப் பார்க்காமலே திரும்பினோம்.

தலைவலியோடு ஒருபோதும் மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, விடியும்வரைகூடக் காத்திருக்காமல் இறங்க வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பதற்கும் மூளை வீங்குவதற்கும் அடையாளம் அவை. உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பயணக் காப்புறுதி எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு அதில் உண்டா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த டிசம்பரில் இருவரும் மறுபடி போனோம், நான்கு நாள் விடுப்பு கூடுதலாகப் போட்டுக்கொண்டு. நாம்சேயில் இரண்டாம் நாள் காலை, கேட்காமலே அவன், "அத்தான், லேசா தலை வலிக்குது" என்றான். சரி என்று மூன்றாவது இரவும் அங்கேயே தங்கினோம்.