தூண்டில் நகமும் முதலை மூஞ்சியும்: பேரியோனிக்ஸ் கேள்வி பதில்

கோத்தகிரியில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடைக்குழுவினருக்குப் போன வாரம் பேரியோனிக்ஸின் எலும்புக்கூட்டுப் படத்தைக் காட்டினேன். நீண்ட மூஞ்சியும் தூண்டில்போல் வளைந்த பெரிய நகமும் கொண்ட ஊனுண்ணி டைனோசர் அது. வீடு திரும்பியவர்கள் கேள்விகளாக எழுதி அனுப்பிவிட்டார்கள். விலங்கியல் கற்பித்தவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

சார், நம் நீலகிரியில் இதன் எலும்பு கிடைக்குமா? (பள்ளி மாணவன், குன்னூர்)

கிடைக்காது தம்பி. நம் காலடியில் இருப்பது சார்னக்கைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. டைனோசர்கள் தோன்றி 23 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. தமிழ்நாட்டில் டைனோசர் எலும்பு பார்க்க வேண்டுமென்றால் அரியலூர்ப் பக்கம், கல்லமேட்டுக்குப் போக வேண்டும்.

மோயாற்றில் முதலை பார்த்திருக்கிறேன். இதன் தலையும் அப்படியே இருக்கிறதே? (கூடலூர் வாசகி)

மோயாற்று முதலைக்கு மூஞ்சி அகலம். கங்கை முதலை எனப்படும் கரியாலை நினைத்துக்கொள்ளுங்கள் அம்மா. சென்னைக்கு அருகே வடநெம்மேலி முதலைப் பண்ணையில் பார்த்திருப்பீர்கள். மெலிந்த நீள மூஞ்சி, அதன் நுனி சற்றே விரிந்து ரோஜாப்பூ வடிவில் பல் வரிசை, அதற்குப் பின்னால் மேல்தாடையில் ஒரு பள்ளம்: இத்தனையும் பேரியோனிக்ஸுக்கும் உண்டு. வழுக்கும் இரை அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. கரியாலின் மூஞ்சி கிட்டத்தட்ட உருண்டைக் குழாய். தண்ணீருக்குள் பக்கவாட்டில் வீச ஏற்றது. பேரியோனிக்ஸின் மூஞ்சியோ இரு பக்கமும் அழுத்திய, உயரமான பட்டை. மரச்சட்டத்தைப் படுக்கவைத்து வளைப்பதையும் நிமிர்த்தி வைத்து வளைப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிமிர்ந்த சட்டம் மேல்கீழ் விசையை நன்றாகத் தாங்கும். எனவே கரையில் நின்று, நாரையைப் போல மேலிருந்து குனிந்து கவ்வியது என்றே நான் கருதுகிறேன். நாசித்துளைகளும் நுனியில் இல்லை, பின்னே தள்ளியிருக்கின்றன.

பற்களையும் பாருங்கள். கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு 32. மற்ற ஊனுண்ணி டைனோசர்களுக்கு இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கத்தி போல் தட்டையாக இல்லாமல் கூம்பாக இருக்கின்றன. அறுப்பதற்கல்ல, பிடித்துக்கொள்வதற்கு.

மீன் தின்றது என்பது வெறும் ஊகம்தானே? (கொடைக்கானல் நண்பர்)

இல்லை. விலா எலும்புகளுக்குள், வயிறு இருந்த இடத்தில், மீன் செதில்கள் கிடைத்தன. செரிமான அமிலம் அரித்த தடத்தோடு. அங்கேயே இளம் இகுவானோடான் வகை டைனோசரின் எலும்புகளும் இருந்தன. எனவே மீன் மட்டுமே தின்றது என்று சொல்லவும் முடியாது.

அந்த நகம் காலில் இருந்ததா, கையிலா? (கோத்தகிரி, கல்லூரி மாணவி)

கையில், கட்டைவிரலில். 1983 ஜனவரியில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், ஒரு களிமண் குவாரியில் வில்லியம் வாக்கர் என்பவர் இதைக் கண்டெடுத்தார். அவர் குழாய் பழுதுபார்ப்பவர், புதைபடிவம் தேடுவது அவருடைய விருப்பம். துண்டுகளாகக் கிடைத்ததை வீட்டில் ஒட்டிப் பார்த்தபோது நுனி இல்லை. திரும்பிப் போய்த் தேடி எடுத்து வந்தார். அந்தப் பொறுமையை எண்ணும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. வளைவோடு அளந்தால் 31 செ.மீ. அதுவும் உள்ளெலும்பு மட்டும்; உயிரோடு இருந்தபோது மேலே கொம்புறை போர்த்தி இன்னும் நீண்டிருக்கும். 1986-ல் ஆலன் சாரிக், ஏஞ்சலா மில்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வைத்த பேரியோனிக்ஸ் என்ற பெயருக்குப் பொருளே 'கனத்த நகம்'. மேற்கை எலும்பும் தடித்தது. அந்தக் கையின் வலு இல்லாமல் இந்த நகத்தால் பயனில்லை.

எங்கள் தோட்டத்துக்கு வரும் காட்டெருமையின் முதுகு மேடும் ஸ்பைனோசாரஸின் முதுகும் ஒன்றா? (தேயிலைத் தோட்டப் பணியாளர்)

அண்ணா, இந்த வாரத்தின் மிகச் சிறந்த கேள்வி உங்களுடையது. காட்டெருமையின் மேட்டுக்குள் இருப்பதும் முதுகெலும்பிலிருந்து மேல்நோக்கி நீண்ட முட்கள்தான். அவற்றைத் தசை மூடியிருக்கிறது. பேரியோனிக்ஸின் உறவினமான ஸ்பைனோசாரஸுக்கு அந்த முட்கள் 1.65 மீட்டர் வரை நீண்டன. தோல் போர்த்தி, படகின் பாய்போல் விரிந்திருந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து; உங்களைப் போலவே திமிலாக இருந்திருக்கும் என்று வாதிட்டவர்களும் உண்டு. எகிப்தில் கிடைத்த முதல் எலும்புகளை 1915-ல் ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மன் புதைபடிவ ஆய்வாளர் விவரித்தார். 1944-ல் மியூனிக் நகரில் விழுந்த குண்டுகளில் அவை அழிந்தன. நாம் இன்று அளப்பது அவருடைய வரைபடங்களையும் சில புகைப்படங்களையும், பின்னாளில் மொராக்கோவில் தோண்டியெடுத்த எலும்புகளையும்தான்.