கிணற்றடி ஈரத்தில் ஹார்ஸ்டெயில் செடி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் இலையில்லாமல் கணுக்கணுவாகப் பச்சைக் குச்சி போல நிற்கும் இந்தச் செடியை நேராகத் தரையில் மட்டும் நட வேண்டாம். கிணற்றடியில் எப்போதும் சொதசொதவென்று இருக்கிறது, எதை நட்டாலும் வேர் அழுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் செடிக்கு அதுதான் சொர்க்கம், தொல்லையும் அங்கேதான். வேர்த்தண்டு மண்ணுக்கடியில் ஓடி, ஓடுகிற வழியெல்லாம் புதுக் குச்சிகளைக் கிளப்பும், பிடுங்கினால் உள்ளே அறுந்து தங்கிய துண்டு திரும்ப முளைக்கும். களைக்கொல்லியை நம்ப வேண்டாம். மருந்தை வாங்கிக்கொள்ள இலை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, கணுவில் சின்னச் செதில் மட்டும்தான். ஐரோப்பாவில் களையாக வரும் இதன் உறவுச் செடியின் வேர்த்தண்டு 2 மீட்டர் ஆழம்கூடப் போகும், நியூசிலாந்தில் அதை விற்கவே தடை.

அதனால் ஓட்டை இல்லாத தொட்டியில் நட்டு, அந்தத் தொட்டியை ஈர இடத்திலேயே புதைத்துவிடுங்கள். விளிம்பு நாலு விரலாவது வெளியே தெரியட்டும், இல்லையென்றால் தாண்டிவிடும். நர்சரியில் கிடைப்பது பெரும்பாலும் ஈக்விசெட்டம் ஹைமேலே, மூன்று நாலு அடி நேராக நிற்கிற வகை; வெறும் குச்சியாக வாங்காமல் வேர்த்தண்டோடு கொத்தாகக் கேளுங்கள். சாதாரணத் தோட்ட மண் போதும். மண்ணுக்கு மேல் தண்ணீர் நின்றாலும் தாங்கும், ஆனால் நம்ம ஊரில் அப்படி விட்டால் கொசுப் பண்ணைதான். நான் மேலே கூழாங்கல் பரப்பி, தண்ணீர் அதற்குக் கீழேயே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். பெரிய தொட்டி என்றால் தண்ணீரை நிற்கவிட்டு, கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விடலாம். காலை வெயில் போதும். பழுத்த குச்சியை நடுவில் நறுக்காமல் அடியோடு வெட்டுங்கள், நறுக்கிய குச்சி மொட்டையாகவே நிற்கும்.

அப்புறம், பூ எப்போது வரும் என்று கேட்டிருந்தீர்கள். வராது. பெரணி மாதிரி வித்துத்தூள்தான், அதுவும் நுனியில் வரும் சின்னக் கூம்பிலிருந்து. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலக்கரிக் காலத்தில் இதன் சொந்தங்கள் 30 மீட்டர் உயர மரங்களாக இருந்தன, இன்றைக்கு மிச்சம் இந்த ஒரே பேரினம்.

வெட்டிய குச்சிகளைத் தூக்கிப் போடாதீர்கள். தண்டு முழுக்க சிலிக்கா, அதனால் பாத்திரம் தேய்க்கலாம். ஜப்பானில் மரத்தை மெருகேற்ற உப்புத்தாள் போலவே பயன்படுத்துகிறார்கள். மாட்டுத் தீவனத்தில் மட்டும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதிலுள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும், வெளிநாடுகளில் குதிரைகள் இதைத் தின்று நோயில் விழுவது தெரிந்த விஷயம்.