மூக்குக்கு நேரே ஒரு மெத்தை

கேள்வி: மகன் அனுப்பிய, இரு காதுக்கும் தனித்தனியே பதிந்த பைனாரல் ஒலிப்பதிவு ஒன்றை ஹெட்ஃபோனில் கேட்டேன். முடிதிருத்துபவரின் கத்தரிக்கோல் என் பிடரியிலேயே ஓடியது; பயந்து திரும்பிப் பார்த்துவிட்டேன்! ஹெட்ஃபோன் மாட்டினால் எனக்குக் காது வலிக்கும் என்பதால் கூடத்து ஸ்பீக்கர்கள் இரண்டிலும் அதையே போட்டேன். கத்தரிக்கோல் டிவி மேசையை விட்டு நகரவே இல்லை. ஸ்பீக்கர் மட்டமா? இன்னும் நான்கு வாங்கினால் சரியாகுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வாங்காதீர்கள். ஸ்பீக்கர் மீது குற்றமில்லை, குற்றமெல்லாம் உங்கள் தலை மீதுதான்.

இத்தகைய பதிவுகளைப் பெரும்பாலும் ஒரு பொம்மைத் தலையின் இரு காதுகளிலும் மைக் பொருத்தி எடுக்கிறார்கள். வலப்பக்கத்துச் சத்தம் இடக்காதை எட்டச் சுமார் 0.6 மில்லிவினாடி கூடுதலாகும். தலை மறைப்பதால் சற்று மங்கியும் போகும். மூளை திசையைக் கணிப்பது பெரிதும் இந்த வித்தியாசங்களை வைத்துத்தான். ஹெட்ஃபோன் இடதை இடக்காதுக்கும் வலதை வலக்காதுக்கும் மட்டும் கொடுக்கிறது. ஸ்பீக்கருக்கு அந்த ஒழுங்கு கிடையாது. இடது ஸ்பீக்கரின் ஒலி வலக்காதுக்கும் வந்துவிடும். பொம்மைத் தலை ஏற்கெனவே செய்த வேலையை உங்கள் தலை மறுபடியும் செய்கிறது. மாமியாரும் மருமகளும் தனித்தனியே உப்புப் போட்ட குழம்பு மாதிரி.

இதற்கு மருந்து 1960களிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மான்ஃப்ரெட் ஷ்ரோடரும், நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்துவிட்டு அங்கே போன பிஷ்ணு அட்டலும் கண்ட வழி அது. இடது ஸ்பீக்கரிலிருந்து வலக்காதுக்குக் கசியும் ஒலியைத் தலைகீழாகப் புரட்டி, நொடியின் மிகச்சிறு பகுதி தாமதித்து, வலது ஸ்பீக்கரில் விட்டால் வலக்காதில் இரண்டும் அடிபட்டுப்போகும். ஆனால் அந்த மாற்றொலியும் இடக்காதுக்குக் கசியுமே? அதற்கும் ஒரு மாற்றொலி, அதற்கும் ஒன்று, இப்படியே தேயத் தேயப் போகும். ஷ்ரோடர் பின்னாளில் ஜெர்மனியின் கோட்டிங்கனில், ஐரோப்பிய இசையரங்குகள் பலவற்றில் பொம்மைத் தலை வைத்துப் பதிந்ததை எதிரொலியற்ற ஓர் அறையில் இரண்டே ஸ்பீக்கரில் இம்முறையில் ஒலிக்கவிட்டார். நாற்காலியை விட்டு எழாமலே அரங்குக்கு அரங்கு ஒப்பிட முடிந்தது.

நான் கணினி இல்லாத காலத்தில் இதை இலவம்பஞ்சு மெத்தையால் செய்து பார்த்தவன். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே மெத்தையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் விளிம்பில் மூக்கு படும்படி உட்கார வேண்டும். கசிவு குறைந்து ஒலி பக்கவாட்டில் விரிந்தது நிஜம். தும்மல் வந்ததும் நிஜம். காபி கொண்டுவந்த மனைவி ஒன்றும் பேசாமல் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போனதை இன்னும் மறக்கவில்லை.

இனி உங்கள் நான்கு ஸ்பீக்கர்கள். வெறுமனே சுற்றிலும் வைத்தால் கசிவுதான் பெருகும். கணக்குப் போட்டு வைத்தால் பயனுண்டு. கனத்த ஒலியான 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், அதற்கு முன் 18 சென்டிமீட்டர் தலை எம்மாத்திரம்? இரு காதும் ஏறக்குறைய ஒன்றையே கேட்கும். பிரித்துக் கொடுக்க ஸ்பீக்கர்கள் மிகவும் விலகி நிற்க வேண்டும். கீச்சொலிக்கு அவை நெருங்கி நிற்பதே நல்லது. அதனால் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டாகேயுச்சியும் நெல்சனும் வகுத்த முறையில் பல ஜோடிகள்: கனத்த ஒலிக்கு இரு ஓரங்களில் ஒன்று, கீச்சொலிக்கு நடுவில் ஒட்டினாற்போல் ஒன்று, இடையில் இன்னொன்று.

உங்களுக்கு இவ்வளவு வேண்டாம். இரண்டு மீட்டர் தள்ளி உட்காருங்கள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே 35 சென்டிமீட்டர் போதும், இதுவும் சவுத்தாம்ப்டன் யோசனைதான். சுவரை விட்டு நகர்த்தி வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி எல்லாக் கணக்கையும் கெடுக்கும். கசிவு நீக்கும் மென்பொருளை மகனிடம் நிறுவித் தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் இடத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. தலையைச் சில சென்டிமீட்டர் அசைத்தாலே மாயம் கலையும். தலை போகும் பக்கமெல்லாம் கேமராவால் பின்தொடரும் கருவிகளும் உண்டு. பக்கத்தில் உட்காருபவருக்கு மட்டும் இந்த வித்தை கிட்டாது. கத்தரிக்கோலுக்கு ஒரு வாடிக்கையாளர்தான்.

கேள்வி: தியேட்டரில் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்கிறதே, அதுவும் பைனாரலா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: இல்லை. அந்த மாதிரி அரங்குகளில் கூரையிலேயே ஸ்பீக்கர் மாட்டியிருப்பார்கள். இடைவேளையில் விளக்குப் போட்டதும் நிமிர்ந்து பாருங்கள்.