மஞ்சளாகப் படிவதெல்லாம் சீழ் அல்ல

முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து 41 வயது விவசாயி ஒருவர் கேட்கிறார்: "ஆண்குறி முன்தோல் இறுகிப் பின்னுக்கு வராமல் போனதால் ஐந்து நாளைக்கு முன் அரச வைத்தியசாலையில் வெட்டி எடுத்தார்கள். இப்போது கீழ்ப்பக்கம் வளையம் மாதிரி வீங்கியிருக்கிறது. மொட்டில் மஞ்சளாக ஏதோ படிந்திருக்கிறது. தையல் ஒன்றும் கழன்றுவிட்டது. காய்ச்சல் இல்லை. பாமசியில் சொன்னேன். சீழ் பிடித்துவிட்டது என்று விழுங்கக் குளிசையும், உடைத்துத் தூவக் கப்சூலும் தந்தார்கள். போடலாமா? வயலுக்கு எப்போது இறங்கலாம்?"

அந்தக் கப்சூலை உடைக்கவே வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்றும் ஐந்தாம் நாளில் இருக்கக்கூடியவைதான். வீக்கம் முதல் சில நாள் கூடி, பிறகு மெல்ல வற்றும். கீழ்ப்பக்கம்தான் கடைசியாக வற்றும், அதற்கு மூன்று கிழமைகூட எடுக்கலாம். மஞ்சள் படலம் என்பது, ஆறும் இடத்தில் கசியும் நீர் உறைந்து படிவது. அது ஒட்டிக்கொண்டே இருக்கும், தானாகவே போகும், உரிக்கக் கூடாது. சீழ் அப்படியில்லை. துடைக்கத் துடைக்க ஊறும், நாறும். சுற்றுத்தோல் சிவந்து சூடாகி, அந்தச் சிவப்பு அடிப்பக்கம் நோக்கிப் படரும். மூன்றாம் நாளுக்குப் பிறகு குறைய வேண்டிய நோவு கூடும். பார்க்காமலே சீழ் என்று சொன்னவர் இதில் எதைக் கண்டார்?

கப்சூலுக்குள் இருக்கும் தூள் வயிற்றுக்குள் போவதற்குச் செய்தது. ஈரப் புண்ணில் தூவினால் ஓடு மாதிரி இறுகி, அதன் கீழே அழுக்குத் தேங்கும். ஒவ்வாமை உள்ளவருக்குத் தோல் கொப்பளிக்கும். பிறகு வைத்தியரிடம் போனாலும் புண்ணின் உண்மையான நிறம் அவருக்குத் தெரியாது. டெட்டோல், ஸ்பிரிட், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். "தினமும் வாருங்கள், மருந்து கட்டிவிடுகிறேன்" என்று காசு வாங்குகிறவர்களிடமும் போக வேண்டாம். அங்கே காய்ந்த துணியை இழுத்துப் பிய்க்கும்போது புதிதாய் வளர்ந்த தோலும் சேர்ந்து வரும்.

கட்டு இன்னும் இருந்தால், கொதித்து ஆறிய இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழற்றுங்கள். பிறகு ஒரு நாளைக்கு இரண்டு தரம் அதே மாதிரி நீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, தேய்க்காமல் சுத்தமான துணியால் ஒற்றிவிடுங்கள். உடுப்பு உரசி நொந்தால் வெள்ளை வஸ்லினைப் புதிதாக வாங்கி மெல்லிதாகப் பூசலாம். பகலில் இறுக்கமில்லாத உள்ளாடைக்குள் உறுப்பை மேல்நோக்கி, வயிற்றோடு சேர்த்து வைத்தால் வீக்கம் சீக்கிரம் வற்றும். படுக்கும்போது சாரம் போதும். கழன்ற தையலுக்காகப் பதற வேண்டாம். அந்த நூல் தானாகக் கரைவது. இரத்தம் வராமல் சிறிதாக விரிந்திருந்தால் உள்ளிருந்தே நிரம்பி வரும். சுண்டுவிரல் நுனி போகும் அளவுக்குத் திறந்திருந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

இரத்தம் வந்தால், சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். ரப்பர் பட்டியோ கயிறோ கட்டக் கூடாது. நிற்காவிட்டாலும், சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அதற்குக் காசு இல்லை. நோவுக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளுக்கு 8 குளிசைக்கு மேல் வேண்டாம். இரவில் விறைப்பு வந்து தையல் இழுத்தால் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டுக் கொஞ்சம் நடவுங்கள்.

"மீன், முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும்" என்று ஊரில் பத்தியம் சொல்வார்கள். சதை வளர வேண்டிய நேரத்தில் மனுசனைச் சோற்றுக்கும் ரசத்துக்கும் விடுவது பெரிய அநியாயம். மீன், முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் இறுக்கிச் சொல்ல வேண்டும். நாற்பது வயதில் புதிதாக முன்தோல் இறுகி, வெடித்து, அரித்ததென்றால் அதற்குப் பின்னால் நீரிழிவு இருக்கலாம். சிறுநீரில் போகும் சீனியில் பூஞ்சணம் பிடித்துத்தான் பலருக்குத் தோல் இறுகுகிறது. தோலை வெட்டிவிட்டார்கள், சீனி உள்ளே இருக்கிறதா என்று பார்த்தார்களா? வைத்தியசாலையில் தந்த துண்டில் அந்தச் சோதனை இல்லாவிட்டால் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துப் பாருங்கள். சீனி 126 mg/dL அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி சோதித்து உறுதிப்படுத்த வேண்டும். நீரிழிவு இருந்தால் நான் மேலே சொன்ன நாள்கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, புண் ஆறப் பிந்தும். கிருமி பிடித்தாலும் காய்ச்சல் காட்டாமல் போகலாம். ஆகவே தினமும் கண்ணாடி வைத்து விதைப்பை வரைக்கும் பாருங்கள். தோல் கருத்தாலோ, விதைப்பை வீங்கி நாறினாலோ, கண்ணுக்குத் தெரிவதைவிட நோவு பல மடங்காக இருந்தாலோ விடியும்வரை இருக்க வேண்டாம், அந்த இரவே போங்கள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவையும் வாட்டை விட்டு அனுப்பும்போது தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். ஆங்கிலத்தில் கிறுக்கிய துண்டைக் கொடுத்து, இரண்டு கிழமை கழித்துக் கிளினிக் என்று சொல்லி விடுகிறார்கள். இடையில் பயந்த மனுசன் பாமசிக்குப் போகாமல் வேறு எங்கே போவான்?

வயல் வேலைக்குக் குறைந்தது மூன்று கிழமை, அதுவும் புண் முழுக்க மூடிய பிறகு. சேற்றுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருந்தால் ஆறாத புண் வழியே உள்ளே போகும். குளத்திலும் வாய்க்காலிலும் குளிப்பதற்கும் இதே கணக்குத்தான். கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிள் இரண்டு கிழமைக்கு வேண்டாம், லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) பிடிப்பதும், அந்தர் மூட்டை தூக்குவதும் அதற்குப் பிறகுதான். உடலுறவுக்கும் கைப்பழக்கத்துக்கும் ஆறு கிழமை. மூன்றாம் கிழமையில் வெளியே ஆறியதுபோல் தெரியும், உள்ளே இன்னும் பலம் பிடித்திருக்காது. கிளினிக்குக்குப் போகும்போது துண்டையும் பாமசியில் தந்த குளிசைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஏற்கெனவே விழுங்கியிருந்தால் எத்தனை என்றும் சொல்லுங்கள்.