வின்ச் ரோப் மாற்றுவது: கேட்டவர்களுக்குப் பதில்

இழுவை வண்டியின் வின்ச் (இரும்பு ரோப்பை டிரம்மில் சுற்றி, பழுதான வண்டியை இழுக்கும் இயந்திரம்) ரோப் பற்றி வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணே, ரோப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பார்வையை நம்பாதீர்கள் தம்பி. முழு ரோப்பையும் தரையில் இழுத்துப் போட்டு, வின்ச்சை நிறுத்திவிட்டு, பழந்துணியால் ரோப்பைச் சுற்றிப் பிடித்தபடி நடங்கள். அறுந்த கம்பி துணியில் மாட்டும். ஒரு புரி ரோப்பை முழுதாக ஒருமுறை சுற்றி வரும் நீளத்துக்குள் ஆறு கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ கழித்துவிடுங்கள். ஹூக் முனைக்குப் பக்கத்தில் ஒன்றுக்கு மேல் அறுந்திருந்தாலே போதும், கழிக்க வேண்டியதுதான். மடங்கி நெளிந்த இடத்தைச் சுத்தியலால் தட்டி நேராக்கினால் நேராகத் தெரியும், பலம் திரும்ப வராது.

கேள்வி: டிரம்மில் ரோப் முனையைப் பிடிக்கும் திருகு ரொம்பச் சின்னதாக இருக்கிறது. பெரிதாகப் போட்டு வெல்டிங் வைக்கலாமா?

வெல்டிங் வேண்டவே வேண்டாம். சூடு பட்ட கம்பி பலமிழந்துவிடும். அந்தத் திருகு சுமை தாங்குவதற்கு இல்லை, சுற்ற ஆரம்பிக்கும்போது முனை நழுவாமல் இருக்கத்தான். சுமையைத் தாங்குவது டிரம்மில் மிச்சமிருக்கும் சுற்றுகளின் உராய்வு. உராய்வுக் குணகம் வெறும் 0.1 என்று வைத்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் இழுவிசை ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. 2000 கிலோ இழுக்கிறீர்கள், டிரம்மில் இரண்டு சுற்றுதான் இருக்கிறது என்றால் திருகுக்கு ஏறக்குறைய 570 கிலோ போகும். ஐந்து சுற்று இருந்தால் 90 கிலோவுக்கும் கீழே. அதனால்தான் எத்தனை முறை கேட்டாலும் ஐந்து சுற்று, ஐந்து சுற்று என்று சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், பள்ளத்தில் கிடந்த வண்டி எட்டவில்லையே என்று கடைசி இரண்டு சுற்று வரை விட்டேன். பாதி ஏறும்போது முனை திருகை விட்டு உருவிக்கொண்டு போனது, வண்டி மறுபடி பள்ளத்துக்குப் போய்விட்டது. கீழே ஆள் இல்லாததால் தப்பித்தோம்.

கேள்வி: புது ரோப் சுற்றி ஒரு மாதம்தான், அடிச் சுற்று நசுங்கிவிட்டது. ரோப் மட்டமா?

ரோப் மீது குற்றமில்லை, தளர்வாகச் சுற்றியிருக்கிறீர்கள். சுமை வந்ததும் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்கு நடுவில் பாய்ந்து கடித்துக்கொள்ளும். புது ரோப்பைச் சமதரையில் நிற்கும் ஒரு வண்டியில் மாட்டி, அதில் ஒருவர் லேசாக பிரேக் பிடிக்க, அது மெதுவாக நகர்ந்து வரும்படி சுற்ற வேண்டும். அப்புறம், புது ரோப் வரும் சுருளை உருட்டித்தான் பிரிக்க வேண்டும், பக்கவாட்டில் உருவினால் ஒவ்வொரு வளையமும் ஒரு முறுக்காக ஏறும்.

கேள்வி: மோட்டாரில் கடகடவென்று சத்தம் வருகிறது.

மோட்டார் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். இது ரோப் விஷயம் இல்லை.

கேள்வி: 10 மி.மீ. இடத்தில் 12 போட்டால் பலம் கூடுமா?

வின்ச்சின் இழுவை கூடாது. நீளம் குறையும், சின்ன டிரம்மில் தடித்த ரோப் சீக்கிரம் களைத்துப் போகும்.

கேள்வி: ஹூக் பக்கம் யூ கிளாம்ப்பை ஒன்று இப்படி, ஒன்று அப்படி மாற்றி மாற்றித்தான் பதினைந்து வருடமாகப் போடுகிறேன். ஒன்றும் ஆகவில்லையே?

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பள்ளமுள்ள அடித்துண்டு எப்போதும் சுமை தாங்கும் பக்கத்தில், வளைந்த யூ கம்பி மடங்கி வரும் வால் பக்கத்தில். எல்லாக் கிளாம்ப்பும் ஒரே திசையில். சரியாகப் போட்டாலே ரோப்பின் பலத்தில் 80 சதவீதம்தான் நிற்கும்.

அவரே மறுபடி: மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்குமே?

இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கத் தேவையே இல்லை. யூ கம்பி குறுகலாக அழுத்திப் புரியை நசுக்கும். வாலில் நசுங்கினால் பரவாயில்லை, சுமை ஓடும் பக்கத்தில் நசுங்கினால் அறுகிற இடத்தை நீங்களே செய்து கொடுத்த மாதிரி. ஒரு கிளாம்ப்பைக் கழற்றி அந்த இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். அரை அங்குல ரோப்புக்கு மூன்று கிளாம்ப், வால் 29 செ.மீ.க்குக் குறையாமல், உள்ளே திம்பிள் (ரோப் வளையம் நசுங்காமல் உள்ளே வைக்கும் இரும்பு வளையம்). முதல் சுமை இழுத்ததும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும், ஏனென்றால் சுமையில் ரோப் மெலிந்து நட்டு தளரும். தொழிற்சாலையிலேயே அழுத்திப் பொருத்திய முனையோடு வரும் ரோப் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கேள்வி: இரும்புக்குப் பதில் நூல் ரோப்புக்கு (செயற்கை இழை ரோப்) மாறலாமா?

மாறலாம். ரோப் வெளியே வரும் வழியில் உள்ள உருளைகளில் இரும்பு ரோப் போட்ட கீறல் இருந்தால் முதலில் அந்த உருளைகளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நூலை அறுத்துவிடும். வழுக்கும் என்பதால் டிரம்மில் எட்டு முதல் பத்து சுற்று வேண்டும்.

கேள்வி: திருகு புதிது, இறுக்கமாக இருக்கிறது. மூன்று சுற்று போதுமா?

போதாது. மேலே கணக்கோடு எழுதியிருக்கிறேன், படியுங்கள். இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் இதுதான் பதில்.

கிளாம்ப் ஐயா: கழற்றிப் பார்த்தேன், நசுங்கித்தான் இருக்கிறது. ஒரு முழம் வெட்டினால் நீளம் குறையுமே?

வெட்டுங்கள் ஐயா. வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய கம்பியால் இறுகக் கட்டிவிட்டு வெட்டுங்கள், இல்லையென்றால் புரி பிரிந்துவிடும். பிறகு ரோப்பை வெளியே விட்டு, டிரம்மில் ஐந்து சுற்று மிஞ்சும் இடத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்து வையுங்கள். அந்தச் சிவப்பு வெளியே வந்தால் வண்டியை இன்னும் கிட்டே கொண்டுபோய் நிறுத்துங்கள்.