எத்தனை முறை பாவமன்னிப்பு கேட்டும் மனதில் சமாதானம் இல்லை. கிருபை என்பது உண்மையில் என்ன?

கேள்வியில் இருந்த விவரம்: "சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை. மூன்று வருடத்துக்கு முன் சேதாரத்தைக் கூட்டி எழுதி, கொஞ்சம் கொஞ்சமாக 250 கிராம் வெள்ளி எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை உபவாசம், தசமபாகத்துக்கு மேல் காணிக்கை, பொருத்தனை எல்லாம் செய்தாயிற்று. தினமும் அழுது மன்னிப்பு கேட்கிறேன். கிருபை இலவசம் என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் சமாதானம் வரவில்லை?"

உங்களிடம் இருப்பது ஒரு கடன் அல்ல, இரண்டு. ஒன்று ஆண்டவரிடம், இன்னொன்று பட்டறை முதலாளியிடம். முதலாவதை உங்களால் அடைக்க முடியாது, அடைக்கவும் வேண்டாம். இரண்டாவதை அடைத்தே ஆக வேண்டும். நீங்கள் செய்துகொண்டிருப்பது தலைகீழ்: முதலாளிக்குப் போக வேண்டியதை ஆண்டவருக்குத் தவணை கட்டுகிறீர்கள். அவர் கேட்காத பணம் அது. அதனால்தான் எவ்வளவு கட்டினாலும் ரசீது வரவில்லை.

முதலில் சமாதானம் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்துவிடலாம். ரோமர் 5:1-ல் "விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்பட்டிருக்கிறபடியால்" தேவனிடத்தில் சமாதானம் "பெற்றிருக்கிறோம்" என்று பவுல் எழுதுகிறார். அது மனநிலையைப் பற்றிய பேச்சு அல்ல. நீதிமானாக்குதல் என்பது கோர்ட் சொல். நீதிபதி ஒருவனைக் குற்றமற்றவன் என்று அறிவிப்பது. பிலிப்பியர் 4:7-ல் வரும் "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்" வேறு. அது இருதயத்துக்குள் வந்து காவல் நிற்பது. முதலாவது தீர்ப்பு, இரண்டாவது அந்தத் தீர்ப்பு மெல்ல உள்ளே இறங்குவது. அஸ்தம்பட்டி கோர்ட்டில் விடுதலை வாங்கியவனுக்குக்கூட பஸ் ஏறி வீடு போய்ச் சேரும்வரை கை நடுங்கும். நடுக்கம் இருக்கிறது என்பதால் தீர்ப்பு செல்லாமல் போகாது. நீங்கள் நடுக்கத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பே வரவில்லை என்கிறீர்கள்.

சரி, அந்தத் தீர்ப்பு எதன் பேரில்? கொலோசெயர் 2:14-ஐ எடுத்துப் பாருங்கள். நமக்கு எதிராக இருந்த "கையெழுத்தைக் குலைத்து", சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று இருக்கும். கையெழுத்து என்றதும் ஏதோ சட்டப் புத்தகம் என்று நினைத்துப் படித்துவிட்டுப் போகிறோம். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு, கடன் வாங்கியவன் தன் கைப்பட எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் என்று பொருள். நம் ஊர்ப் பேச்சில் புரோநோட்டு. குலைத்து என்பது அதன் எழுத்தைத் துடைத்து அழிப்பது. அந்தக் காலத்து மை புகைக்கரியும் பிசினும் கலந்தது. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். துடைத்ததோடு விடவில்லை, "நடுவிலிராதபடிக்கு எடுத்து" என்றும் சேர்த்துச் சொல்கிறார். நோட்டு இப்போது உங்களிடமும் இல்லை, கடன் கொடுத்தவரிடமும் இல்லை.

சேலத்தில் வட்டிக்கு வாங்கிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். புரோநோட்டுக்கு மூன்று வருடக் கெடு. கெடு முடிவதற்குள் நோட்டின் பின்பக்கத்தில் நூறு ரூபாய் வரவு எழுதி, கடன் வாங்கியவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், அன்றிலிருந்து கெடு புதிதாக ஓட ஆரம்பிக்கும். சிறு தொகைதான், ஆனால் கடன் உயிரோடு இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். உங்கள் வெள்ளிக்கிழமை உபவாசம் இப்படிப்பட்ட வரவுதான். கிழித்துப்போட்ட நோட்டின் பின்பக்கத்தில் வாரம் ஒரு முறை எழுதுகிறீர்கள். உபவாசத்தைக் குறை சொல்லவில்லை. ஜெபிக்க நேரம் ஒதுக்கப் பட்டினி கிடப்பது நல்ல பழக்கம். தண்டனையாகக் கிடப்பதுதான் கோளாறு. பொருத்தனையும் அப்படித்தான். நன்றிக்குச் செய்தால் காணிக்கை, மன்னிப்புக்குச் செய்தால் பேரம்.

மத்தேயு 18-ல் இந்தப் பேரம் அப்படியே இருக்கிறது. பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் ராஜாவின் காலில் விழுந்து, "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளுக்கு ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும் 2 லட்சம் வருடம். அவன் கேட்டது தவணை. ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே தள்ளுபடி செய்தார். கேட்டதும் கொடுத்ததும் வேறு வேறு. தினமும் "இனிமேல் ஒழுங்காக இருக்கிறேன் ஆண்டவரே" என்று நீங்கள் கேட்பதும் தவணைதான். அதற்குப் பதில் வரவில்லையே என்று காத்திருக்கிறீர்கள். தள்ளுபடி என்ற பதில் ஏற்கெனவே வந்துவிட்டது.

கூலிக்கும் கிருபைக்கும் உள்ள வித்தியாசம் புரிய ஏற்காட்டு எஸ்டேட் போதும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் சாயங்காலம் மூட்டையை எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்தால், முதலாளிக்கு யாரும் தர்மவான் பட்டம் கட்டுவதில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார், அவ்வளவுதான். ரோமர் 4:4 இதைத்தான் சொல்கிறது: கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்று எண்ணப்படாது, கடனென்று எண்ணப்படும். அடுத்த வசனம்தான் நம்மில் பலருக்குத் தொண்டையில் இறங்குவதில்லை: "பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில்" விசுவாசம் வைப்பது. திருந்தியவனை அல்ல, பாவியை. (எபேசியர் 2:8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்லும் பலர் 10-ஐ விட்டுவிடுகிறார்கள். நற்கிரியை அங்கேதான் வருகிறது, இரட்சிப்புக்குப் பிறகு. வரிசையை மாற்றினால் எல்லாம் குழம்பும்.)

இனி செய்ய வேண்டியதற்கு வருவோம். அரை மணி நேரம், ஒரு தாள், ஒரு பேனா போதும்.

"என் எல்லாப் பாவங்களையும் மன்னியும்" என்று மொத்தமாகக் கேட்பதை நிறுத்துங்கள். மொத்தமாகக் கேட்டால் எது மன்னிக்கப்பட்டது என்றே மனதுக்குப் பிடிபடாது. செய்ததைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: "சேதாரத்தைப் பொய்யாக எழுதினேன், 250 கிராம் எடுத்தேன், கேட்டபோது தெரியாது என்றேன்." மூன்றும் தனித்தனி. தாளின் இன்னொரு பக்கத்தில், பாரமாக இருக்கிறது ஆனால் பாவம் இல்லை என்பவற்றை எழுதுங்கள்: வறுமை, வியாதி, பிள்ளை இல்லாதது, பரீட்சையில் தோற்றது, சாதியைச் சொல்லி யாரோ அவமானப்படுத்தியது. இவற்றுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால் மன்னிப்பு எப்படி வரும்? இவற்றுக்கு வேண்டியது ஆறுதல். "முன்னோர் சாபம், அதை முறிக்க விசேஷ ஜெபம்" என்று காணிக்கைக் கவரை நீட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் இருப்பதை அந்தப் பக்கத்துக்கு மாற்றித்தான் பிழைக்கிறார்கள். கிட்டே போகாதீர்கள்.

பிறகு சங்கீதம் 32-ஐ வாய்விட்டு வாசியுங்கள். 51-ஐ எல்லோரும் எடுப்பார்கள். உங்களுக்கு 32 பொருந்தும். "நான் அடக்கிவைத்தமட்டும்" எலும்புகள் உலர்ந்துபோயிற்று என்று மூன்றாம் வசனத்திலேயே உங்கள் நிலைமை இருக்கிறது. முடித்ததும் எழுதியதை ஒவ்வொன்றாகச் சொல்லி, 1 யோவான் 1:9-ஐச் சொல்லுங்கள். அதில் மன்னிப்பதற்கு அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்றுதான் இருக்கிறது. இரக்கமுள்ளவர் என்று இல்லை. தீர்ந்த கடனை மறுபடி வசூலித்தால் அது அநீதி என்பதுதான் அதன் உள்ளர்த்தம். கடைசியாக "உமக்கு நன்றி" என்று முடியுங்கள். நாளைக்கு அதே நினைவு வந்தால் மறுபடி மன்னிப்புக் கேட்காதீர்கள், நன்றி மட்டும் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் வாய் பழைய பாதைக்கே போகும். போகட்டும், திருப்பிக் கொண்டுவாருங்கள்.

எந்தச் சபை என்று நீங்கள் எழுதவில்லை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் திருவிருந்து ஆராதனையில் பாவ அறிக்கைக்குப் பிறகு ஆயர் மன்னிப்பை அறிவிக்கும் இடத்தைக் கவனியுங்கள். நாம் பெரும்பாலும் பாட்டுப் புத்தகம் புரட்டுகிற நேரம் அது. கத்தோலிக்கர் என்றால் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. குருவானவர் கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது, அதற்கு விலக்கே கிடையாது. பெந்தெகொஸ்தே சபையில் இதற்கென்று தனிச் சடங்கு இல்லாததால், வாயை அடக்கத் தெரிந்த மூப்பர் ஒருவரிடம் சொல்லலாம். கிருபை விஷயத்தில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட் சபைகளுக்கும் பெரிய பிளவு இருப்பதாக நினைப்பது பழைய கதை. நம்முடைய தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்று கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் சேர்ந்து கையெழுத்திட்டன. 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு வார்த்தை தவறிவிட்டது என்று ஜெபத்தை முதலிலிருந்து தொடங்குவது, ஒரே பாவத்தை ஒரே நாளில் இருபது தடவை அறிக்கையிடுவது, மன்னிக்க முடியாத பாவம் செய்துவிட்டோமோ என்று தூக்கம் கெடுவது, இவை வாரக்கணக்கில் இருந்தால் விஷயம் இறையியல் அல்ல. ஓசிடி என்ற நோய், அதாவது ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வருவது, பக்தியின் வேஷத்திலும் வரும். அதற்கு மருந்து உண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் இலவச எண், தமிழில் பேசலாம்.

இப்போது இரண்டாவது கடன். முதல் நோட்டு கிழிந்துவிட்டது என்பதால் முதலாளியின் நோட்டும் கிழிந்துவிட்டது என்று நினைத்தால் அது கிருபை அல்ல, ஏய்ப்பு. வரி வசூலித்த சகேயுவைப் பாருங்கள். லூக்கா 19-ல் இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போகிறார். அதன் பிறகுதான் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்ற வார்த்தை அவன் வாயில் வருகிறது. திருப்பிக் கொடுத்துவிட்டு வா, பிறகு வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. இதற்கு நேர் எதிர், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். முப்பது வெள்ளிக்காசையும் முழுதாகத் திருப்பிக் கொடுத்தான், "பாவஞ்செய்தேன்" என்று வாய்விட்டும் சொன்னான். ஆனால் சொன்னது ஆசாரியர்களிடம். "எங்களுக்கென்ன" என்று கைவிரித்துவிட்டார்கள். இயேசுவிடம் அவன் திரும்பவே இல்லை. மூன்று முறை மறுதலித்த பேதுரு திரும்பினான். அதனால் வெள்ளியைக் கொடுத்தால் சமாதானம் வந்துவிடும் என்ற கணக்கோடு போகாதீர்கள். சமாதானம் கிடைத்தாயிற்று என்பதால் போங்கள்.

எவ்வளவு கொடுப்பது? லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. அது இஸ்ரவேலுக்குக் கொடுத்த சட்டம், நமக்கு மன்னிப்பின் நிபந்தனை அல்ல. ஆனால் நல்ல அளவுகோல். 250 கிராமுக்கு ஐந்தில் ஒன்று 50, ஆக 300 கிராம். பணமாகக் கணக்கிடும்போது பலர் தவறுவது ஒரு இடத்தில்தான்: எடுத்த அன்றைய விலையைப் போடுவார்கள். எடுத்தது வெள்ளி, ரூபாய் அல்ல. அதே டச் (சுத்தத் தரம்) உள்ள வெள்ளியை எடை போட்டுக் கொடுங்கள், அல்லது கொடுக்கிற நாளின் விலையைப் போடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மாதம் 25 கிராம் என்று எழுதிக் கொடுத்தால் ஒரு வருடத்தில் தீரும். இந்தத் தவணை நியாயமான தவணை.

சபை உண்டியலில் போடுவது இதற்கு ஈடாகாது. எண்ணாகமம் 5:7, 8 வரிசையே சொல்கிறது: முதலில் நஷ்டப்பட்டவனுக்கு, அவன் இல்லாவிட்டால் அவன் உறவினருக்கு, வாங்க உறவினனும் இல்லாவிட்டால்தான் ஆசாரியனுக்கு. செவ்வாய்ப்பேட்டையில் உங்கள் முதலாளி உயிரோடு கடையில் உட்கார்ந்திருக்கும்போது மூன்றாவது வழி உங்களுக்குக் கிடையாது.

தனியாகப் போக வேண்டாம். முதலாளி மதிக்கிற ஒருவரை, ஆயரையோ மூத்தவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். வேலை போகலாம், போலீஸ் வரை போகலாம். முன்கூட்டியே ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. கூட இருந்து எடுத்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பெயரைச் சொல்லாதீர்கள், அது அவர்கள் அறிக்கையிட வேண்டியது. "வீட்டில் கஷ்டம்" என்று ஆரம்பிக்காதீர்கள். "இன்ன வருடம், இத்தனை கிராம், சேதாரக் கணக்கில் எடுத்தேன், இதோ" என்று நேராகச் சொல்லுங்கள். கடை திறந்ததும் வாடிக்கையாளர் வருவதற்கு முன், அல்லது சாயங்காலம் கணக்கு முடித்த பிறகு போவது நல்லது. வெள்ளியை அவர் தராசிலேயே, அவர் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். "போகட்டும், வேண்டாம்" என்று சொன்னாலும் ஒரு தடவையாவது வாங்கிக்கொள்ளும்படி கேளுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அது அவர் விருப்பம், எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். அந்த வாரம் வெள்ளிக்கிழமை வயிறாரச் சாப்பிடுங்கள்.